ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன்

(திருகோணமலையில் படகு உரிமையாளர்கள், எஞ்சின் திருத்துநர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் ஆகியோர் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கொட்பேயில் கட்டி நிற்கும் பலநாள் கலமாக இருக்கட்டும், சல்லியிலும் நிலாவெளியிலும் கரையேற்றி வைத்த பைபர் படகாக இருக்கட்டும், தம்பலகாமத்து வயலில் இறங்கும் உழவு இயந்திரமாக இருக்கட்டும், சாவியைத் திருப்பி எஞ்சின் எடுக்காவிட்டால் உடனே வரும் தீர்ப்பு "ஸ்டார்ட்டர் போய்விட்டது" என்பதுதான். தீர்ப்பு வந்த கையோடு ஸ்பானர் வரும். கழற்றிய ஸ்டார்ட்டர் வைண்டிங் கடைக்குப் போகும், அல்லது பஞ்சிகாவத்தையில் வாங்கிய ரீகண்டிஷன் ஒன்று கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கும். அதைப் பூட்டி எஞ்சின் எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று எல்லோரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே படகில் மறுபடியும் ஸ்டார்ட்டர் எரிந்தால் பழி சாமானை விற்றவர் தலையில் விழுகிறது. என் வாதம் இதற்கு மாறானது. திடீரென்று எரிந்துபோகும் ஸ்டார்ட்டர், பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும் ஒரு பழுதைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோனது. அந்தப் பழுது பற்றரி வயரில் இருக்கலாம், பிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையத்தில் இருக்கலாம், சிலிண்டருக்குள் புகுந்த கடல்நீரிலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றுவது அடுத்த ஸ்டார்ட்டருக்கும் நாள் குறிப்பதுதான்.

இப்படிச் சொல்வதற்கான முதல் ஆதாரம் அந்தக் கருவி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். அதற்கு முன் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை எடுக்க வேண்டும். எஞ்சின் பின்னுக்கு உதைத்துக் கை முறிந்தவர்கள் பலர். எஞ்சினையே சுழற்றக்கூடிய மின்மோட்டர் காருக்குள் அடங்காத அளவு பெரிதாக இருக்கும் என்பது அக்காலப் பொறியியலாளர்களின் கணக்கு. கெட்டரிங் அதற்கு முன் பணப்பதிவு இயந்திரங்களுக்கு மின்மோட்டர் அமைத்தவர். நாள் முழுவதும் ஓடும் மோட்டருக்கும் சில வினாடி மட்டும் ஓடும் மோட்டருக்கும் ஒரே அளவுகோல் வேண்டியதில்லை என்று அவர் கண்டார். தாங்கும் சக்திக்கு மேல் சில வினாடி வேலை வாங்கி, பின்பு ஆறவிட்டால், சிறிய மோட்டரே போதும். இன்று நம் படகுகளில் இருக்கும் ஸ்டார்ட்டரும் இதே கொள்கையில் செய்யப்பட்டதுதான். அதன் ஆயுள் அந்தச் சில வினாடிகளில் அடங்கியிருக்கிறது. எது அந்த வினாடிகளை நீட்டுகிறதோ அதுதான் ஸ்டார்ட்டரை எரிக்கிறது.

பற்றரி பலவீனமாக இருந்தால் மோட்டருக்குப் போகும் மின்னோட்டமும் குறையும், ஆகவே மோட்டர் எரிய வழியில்லை என்று பலர் நம்புகிறார்கள். இது பிழை. எஞ்சினைச் சுழற்ற எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்பதை எஞ்சின்தான் தீர்மானிக்கிறது. மோட்டர் எத்தனை அம்பியர் இழுக்கும் என்பதை அந்த முறுக்குவிசை தீர்மானிக்கிறது. வோல்ற்று குறையும்போது குறைவது வேகம். டீசல் எஞ்சினோ வேகம் இல்லாமல் எடுக்காது. நிமிடத்துக்கு 150 முதல் 250 சுற்று வரை கிடைத்தால்தான் அமுக்கப்பட்ட காற்று டீசலைப் பற்றவைக்கும் சூட்டை எட்டும். மெதுவாகச் சுழன்றால் காற்று பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும், சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்கிவிடும். ஆகவே பலவீனமான பற்றரியில் அதே அம்பியர் நீண்ட நேரம் ஓடுகிறது. மோட்டர் சுழலவே முடியாமல் நின்றுவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். மோட்டரின் சூட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு: சூடேறிய செப்புக் கம்பியின் தடை, ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.39 வீதம் கூடும். 100 பாகை கூடினால் தடை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஏறும். டேர்போவுக்கும் புகைபோக்கிக்கும் பக்கத்தில் ஸ்டார்ட்டர் அமைந்த வலுக்கூடிய எஞ்சின்கள், காலையில் எடுத்துவிட்டு, ஓடி நின்ற கையோடு மறுபடி எடுக்க மறுப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வயரின் கதையைக் கணக்கிட்டே பார்க்கலாம். பற்றரியை வீல்ஹவுசில் வைத்து, எஞ்சின் வரை 5 மீற்றர் போக, 5 மீற்றர் வர, 25 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அதன் தடை ஏறத்தாழ 0.007 ஓம்; கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். 300 அம்பியர் ஓடும்போது அதுவே 2 வோல்ற்றுக்கு மேல் விழுங்கிவிடும். 12 வோல்ற்றுப் பற்றரி, சுழற்றும்போது 10.5க்கு இறங்கியிருந்தால், ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது எட்டரைதான். 70 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் இழப்பு முக்கால் வோல்ற்றுக்குள் நிற்கும். இது புது வயரின் கணக்கு. வாடைக்காற்றில் மாதக்கணக்காகக் கரையில் கிடந்த படகில், வயரின் முனையை லக் கவ்வியிருக்கும் இடத்தை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். மேலே இறப்பர் பளபளவென்றிருக்கும். உள்ளே செப்பு இழைகள் கறுத்தும் பச்சை பூத்தும், விரலால் நெருடினால் உதிரும். உப்பு ஈரம் இழைகளுக்கிடையே ஏறிப்போவதால் வெளியே தெரியாது. கடற்கலங்களுக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வயரைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனைக் குற்றியிலும் (கிளாம்பில் அல்ல, குற்றியிலேயே), மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, ஒருவர் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எடுத்துவிடாதபடி ஸ்டொப் லீவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மீற்றர் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பழுது அந்தப் பாதையில் இருக்கிறது. பிறகு எதிர்முனைக் குற்றிக்கும் ஸ்டார்ட்டரின் உடலுக்கும் இடையில் பாருங்கள், அங்கே 0.2, 0.3 வோல்ற்றைத் தாண்டக்கூடாது. ஸ்டார்ட்டரின் அலுமினிய மூக்கும் பிளைவீலின் வார்ப்பிரும்பு உறையும் சந்திக்கும் இடத்தில் உப்பு ஏறினால் இந்தப் பாதைதான் முதலில் கெடும். பற்றரியையும் தனியே பாருங்கள்: ஓய்வில் 12.6 வோல்ற்று, சுழற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. 24 வோல்ற்று அமைப்பில் இவற்றை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நம் வேலைத்தளங்களில் அநேகமாக யாரும் எட்டிப் பார்க்காத பகுதியும் இதுதான். ஸ்டார்ட்டரைக் கழற்றியே தீர வேண்டும் என்று வந்துவிட்டால், கழற்றிய பின் அந்த ஓட்டை வழியே ஒரு டோர்ச்சை அடித்துப் பல்வளையத்தைப் பாருங்கள். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கிராங்க் புலியின் போல்ட்டில் சொக்கட்டைப் போட்டு எஞ்சினை அதன் வழமையான திசையில் கையால் மெல்லத் திருப்பி, ஒரு பல்லில் சோக்கால் அடையாளமிட்டு, அது மறுபடி வரும்வரை ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். தேய்வு எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி இராது. நிறுத்திய எஞ்சின் எங்கே வந்து நிற்கும் என்பதை அமுக்கம் தீர்மானிக்கிறது. அமுக்கமேறும் சிலிண்டரைத் தாண்ட முடியாமல் அது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடங்களில் நிற்கிறது. ஆகவே நான்கு சிலிண்டர் எஞ்சினில் பல்வளையம் எதிரெதிரான இரண்டு இடங்களில் தேயும். மூன்று சிலிண்டரிலும் ஆறு சிலிண்டரிலும் மூன்று இடங்களில். நூற்றுக்கு மேற்பட்ட பற்களில் அடி வாங்குவன சில பற்களே. "சில நேரம் எடுக்கிறது, சில நேரம் கறகறவென்று சுற்றுகிறது" என்று சொல்லப்படும் எஞ்சினை, கையால் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி சாவி போட்டால் எடுக்கிறதா என்று பார்க்கலாம். எடுத்தால் ஸ்டார்ட்டர் நிரபராதி. பல்வளையம் அந்த இடங்களில் தேய்ந்திருக்கிறது.

தேய்ந்த விதமும் முக்கியம். பல்லின் பக்கங்கள் நன்றாக இருந்து, ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரமான பினியன் நுழையும் ஓரம் மட்டும் மழுங்கிப் பிசிறடித்திருந்தால், பினியன் முழுதாக உள்ளே வருமுன் மோட்டர் சுழன்றிருக்கிறது: பினியனைத் தள்ளும் சொலனொயிட் பலவீனம், அல்லது உப்பும் கிளட்ச் தூசியும் கிரீசும் சேர்ந்து தண்டில் இறுகிப்போயிருக்கிறது. பினியன் நன்றாக வழுக்கட்டும் என்று அங்கே தடித்த கிரீசை அப்புகிறவர்கள் இந்தப் பழுதைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். பல்லின் அகலத்தில் முன்பக்கம் மட்டும் பளபளத்தால் பினியன் பாதிதான் நுழைகிறது. தள்ளும் கவை தேய்ந்திருக்கலாம், அல்லது வேறு எஞ்சினின் ஸ்டார்ட்டர் பூட்டப்பட்டிருக்கலாம். தேய்வு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்டார்ட்டரின் இருக்கையில் துருவோ பெயின்ட்டோ இருக்கிறது, இல்லையேல் போல்ட் தளர்ந்திருக்கிறது. வளையம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் எஞ்சின் எடுத்த பிறகும் பினியன் விலகவில்லை. பலவீனமான பற்றரியில் சொலனொயிட் படபடவென்று அடித்து, அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் இப்படி நடக்கும். 12க்கு 1 என்ற பல் விகிதத்தில், எஞ்சின் 2,500 சுற்றில் ஓடும்போது பினியன் 30,000 சுற்றில் ஓடும். பினியனை விடுவிக்கும் ஒருவழிக் கிளட்ச்சும் கைவிட்டால் மோட்டருக்குள் சுழலும் ஆமெச்சரின் கம்பிகள் பிய்ந்து பறக்கும். மோட்டர் சுழல்கிறது, பினியனும் சேர்ந்திருக்கிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை என்றால் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பல்வளையமே பிளைவீலின் மேல் வழுக்குகிறது. வளையத்திலும் பிளைவீலிலும் சேர்த்து ஒரு சோக்குக் கோடு இழுத்துச் சுழற்றுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் வளையத்தின் பிடி விட்டுப்போயிற்று.

அந்த வளையம் சூடேற்றி விரியச் செய்து பூட்டப்படுவது. 200 பாகை செல்சியஸ் அளவில் சீராகச் சூடாக்கினால் போதும். கேஸ் வெல்டிங் சுடரை ஒரே இடத்தில் பிடித்து, இரும்பு நீலம் பாரிக்கும்வரை சுட்டால், அது 300 பாகையை எட்டிவிட்டது என்று பொருள். பற்களின் உறுதி அங்கே போய்விடும். நுழைவு ஓரம் சரித்து வெட்டப்பட்ட பக்கம் பினியன் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரண்டு மூன்று பற்கள் முறிந்திருந்தால் அது தேய்வு அல்ல, அடி. பின்னுக்கு உதைத்த எஞ்சினாக இருக்கலாம். முழுதாக நிற்கும் முன் மறுபடி சாவி போட்டதாக இருக்கலாம். ஆனால் துறைமுகத்தில் வாழும் நாம் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடல்நீரை. குளிரூட்டிய கடல்நீரைப் புகைபோக்கிக்குள்ளேயே விட்டு வெளியேற்றும் எஞ்சின்களில், அந்த நீரை வெளியே தள்ளுவது புகையின் அழுத்தம். எஞ்சின் எடுக்காமல் மீண்டும் மீண்டும் சுழற்றும்போது பம்ப் நீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது, தள்ளுவதற்குப் புகை இல்லை. நீர் நிறைந்து, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. அடுத்த முறை சாவி போட்டதும் 'டக்' என்று இடித்து நிற்கும். பினியன் பல் முறியும், கொன்ரொட் வளையும். இந்த நிலையில் புது ஸ்டார்ட்டரைப் பூட்டுவது முறியாமல் மிஞ்சிய பற்களையும் முறிப்பதற்குத்தான். ஆகவே இரண்டு மூன்று முயற்சியில் எடுக்காத எஞ்சினுக்குக் கடல்நீர் வால்வை மூடுங்கள். எடுத்த கணமே திறக்கவும் ஒருவரை நிறுத்துங்கள்.

பைபர் படகுக்காரர்களும் இதில் அடங்குவார்கள். புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றும் படகுகளில் இருப்பது போன்ற, பட்டனில் எடுக்கும் வெளியிணைப்பு எஞ்சின்களில் பிளைவீல் தலையில் இருக்கிறது. பினியனை மேலே தூக்குவது பெரும்பாலும் சொலனொயிட் அல்ல, மோட்டரின் திடீர் வேகம்தான்; திருகுத் தண்டில் ஏறிப் பல்லைப் பிடிக்கும். பற்றரி தளர்ந்தால் அந்த வேகம் வராது, பினியன் பாதி ஏறிப் பல்லின் நுனியைக் கொறித்துவிட்டு இறங்கும்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவன சில உண்டு. அவை பொறுப்பற்றவர்களின் பேச்சு அல்ல, பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, நேரம். ஐஸ் ஏற்றியாயிற்று, பின்னேரம் கடலுக்குப் போக வேண்டும், மீற்றர் வைத்துப் பார்க்க எங்கே நேரம் என்று கேட்கிறார்கள். எஞ்சின் அறையில் குனிந்து, எட்டாத போல்ட்டை எட்டிப் பிடித்து ஸ்டார்ட்டரைக் கழற்ற எடுக்கும் நேரத்துக்குள் நான் சொன்ன மூன்று அளவுகளையும் இரண்டு முறை எடுத்துவிடலாம். மேலும், பலநாள் கலத்தின் எஞ்சினைக் கயிறு சுற்றி எடுக்க முடியாது. ஆழ்கடலில் அது நின்றால் மிஞ்சுவது மிதப்பு மட்டும்தான்.

இரண்டாவது, அனுபவம். "முப்பது வருடமாகச் சத்தத்தைக் கேட்டே சொல்கிறோம்" என்பவர்களை நான் மதிக்கிறேன். சுழற்றும்போதே கீச்சென்று இழுத்தால் பினியனுக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூட. எஞ்சின் எடுத்துச் சாவியை விடும்போது அந்தச் சத்தம் வந்தால் இடைவெளி குறைவு. காது இதைச் சரியாகப் பிடிக்கும். அமெரிக்க வி8 எஞ்சின்களில் ஸ்டார்ட்டருக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து இந்த இடைவெளியை அரை மில்லிமீற்றர் அளவுக்குச் சரிசெய்வார்கள். அவர்களும் சத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஒரே ஒரு 'டிக்' சத்தத்துக்குப் பின்னால் செத்த பற்றரியும் இருக்கலாம், கரிந்த தொடுமுனையும் இருக்கலாம், நீர் நிறைந்த சிலிண்டரும் இருக்கலாம். காது அங்கே பிரித்தறியாது. வீல்ஹவுஸ் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி அணைந்தால் மின்சாரம் எங்கோ கடுமையாக இழுபடுகிறது, அல்லது பற்றரியும் அதன் குற்றிகளும் பலவீனம். விளக்கு அப்படியே எரிந்தால் மின்சாரம் மோட்டருக்குப் போகவே இல்லை: தொடுமுனை, பிரஷ், வயர் ஆகியவற்றைப் பாருங்கள். இது அனுபவசாலியின் காதுக்கு ஒரு கண்ணைச் சேர்த்துக் கொடுக்கிறது.

மூன்றாவது, "வலுக்கூடிய ஸ்டார்ட்டரைப் போட்டால் தீர்ந்துவிடும்" என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. உள்ளே பல்லிணைப்பு வைத்து வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் புதுவகை ஸ்டார்ட்டர்கள், குறைந்த அம்பியரில் பழையவற்றைவிட நன்றாகச் சுழற்றும். ஆனால் வயர் அதே வயர், பல்வளையம் அதே பல்வளையம். தேய்ந்த பல்லுக்கு எதிரே வலுவைக் கூட்டினால் பல்தான் போகும். அதோடு, கிடைத்ததைப் பூட்டும் பழக்கமும் இங்கே உண்டு. ஷெவர்லே வி8 எஞ்சின்களிலேயே 153 பல் பிளைவீலும் 168 பல் பிளைவீலும் இருக்கின்றன; ஒன்றின் ஸ்டார்ட்டர் மூக்கு மற்றதற்குச் சரிவராது. ஒரே குடும்பத்து எஞ்சினில் இப்படியென்றால், லொறி எஞ்சினை மாற்றியமைத்துப் பூட்டிய படகில் பினியனின் பற்களை எண்ணாமல், பல்லின் பருமனை ஒப்பிடாமல், சுழலும் திசையைப் பாராமல் எப்படிப் பூட்டலாம்?

கடைசியாகச் செலவு. சிறு உரிமையாளர்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கட்டுப்படியாகாது என்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது உதிரிப்பாகம் வாங்கியவர்களுக்கு எது கட்டுப்படியாகாது என்பது நன்றாகத் தெரியும். மல்டிமீற்றரின் விலை ஒரு ரீகண்டிஷன் ஸ்டார்ட்டரின் விலையில் சிறு பங்குதான். ஒரு கரையில் பத்துப் படகுக்கு ஒன்று போதும்.

படகு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டார்ட்டர் பழுது என்று சொல்லப்பட்டால், காசை எடுக்கும் முன் பற்றரியும் வயரும் சுழற்றும்போது எத்தனை வோல்ற்றுக் காட்டின என்று கேளுங்கள்; கழற்றிய பினியனைக் கையில் வாங்கிப் பாருங்கள்; டோர்ச் அடித்துப் பல்வளையத்தைக் காட்டச் சொல்லுங்கள். திருத்துநர்களே, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே காட்டுங்கள். மாரி தொடங்கிப் படகுகள் கரையேறும்போது பற்றரி வயர்களைக் கழற்றி, லக் கவ்விய இடங்களைச் சீவிப் பார்த்து, பச்சை பூத்ததை வெட்டியெறிந்து புதிதாகப் பூட்டி வையுங்கள். பங்குனியில் கடலுக்கு இறங்கும்போது எஞ்சின் எடுக்கும்.